மல்யுத்த மேடையும் பெண் உழைப்பும்: யப்பானியப் பெண்கள் மல்யுத்தத்தின் மூன்று போட்டிகள் பற்றிய ஒரு நோக்கு

1

தொழின்முறை மல்யுத்தத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாக ஏற்பதில் நம்மிடையே இன்னும் ஒரு தயக்கம் நிலவுகின்றது. நாட்டார் ஆற்றுகைகளையும் வெகுசன சினிமாவையும் ஆராய முன்வந்த முற்போக்குத் திறனாய்வாளர்கூட, முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்ட ஒரு சண்டையிலே ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயின், நாடகத்தின் முடிவும் முன்னரே தீர்மானிக்கப்பட்டதுதான். அதன் காரணமாக எவரும் நாடகத்தைப் பொய்யென்று ஒதுக்குவதில்லை.

இத்துறை பற்றி இதுவரை எழுந்துள்ள கருத்துக்களை இரு வகைப்படுத்தலாம். முதலாவது, ஒழுக்கவியல் நின்று கண்டிக்கும் நோக்கு. மல்யுத்தம் மக்களை மயக்கும் மலினமான கேளிக்கை என்பதோடு அது நின்றுவிடும். இரண்டாவது, பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலாண் பார்த் 1957 இல் வெளியிட்ட நூலிலே முன்வைத்த நோக்கு. மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி. துன்பம், தோல்வி, நீதி என்பவற்றை யாவரும் வாசிக்கத்தக்க குறிகளாக அது மேடையிலே நிறுத்துகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். முதலாவது நோக்கிலும் பார்க்க இது பெரிதும் முன்னேறியது என்பதில் ஐயமில்லை. எனினும், குறியாக நிற்கும் அவ்வுடல் யாருடையது, அது எந்த நிபந்தனைகளின் கீழ் உழைக்கின்றது, அவ்வுழைப்பின் பயன் யாரைச் சேருகின்றது என்ற வினாக்களை அந்நோக்கு எழுப்புவதில்லை. யப்பானியப் பெண்கள் மல்யுத்தத்தின் மூன்று போட்டிகளை இவ்வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

போட்டிகளுக்குச் செல்லுமுன் அவற்றின் களத்தைச் சிறிது நோக்குதல் அவசியம். அனைத்து யப்பான் பெண்கள் மல்யுத்த நிறுவனம் 1968 இல் மட்சுனாகா சகோதரர்களால் தொடங்கப்பட்டு 2005 வரை இயங்கியது. பூஜி தொலைக்காட்சியின் ஒளிபரப்பு அதனை நாடெங்கும் கொண்டு சென்றது. 1976 இல் ஜக்கி சாத்தோவும் மாக்கி உவேடாவும் 'பியூட்டி பெயர்' என்ற இணையாக மேடையேறினர். மல்யுத்தத்தோடு பாடலும் பாடிய இவ்விணை, அதுவரை ஆண்களே பெரும்பான்மையாக இருந்த பார்வையாளர் கூட்டத்தைப் பள்ளி மாணவிகளின் கூட்டமாக மாற்றியது. பெண்களே ஆண் பாத்திரங்களையும் ஏற்று நடிக்கும் தக்கராசுக்கா அரங்கு 1914 இல் தனது முதல் ஆற்றுகையை நிகழ்த்தியது. அவ்வரங்கு வளர்த்தெடுத்த பெண் இரசிகர் மரபு இங்கு வேறொரு வடிவிலே தொடர்ந்தது எனலாம்.

இவ்வீராங்கனைகளின் தொழில் நிபந்தனைகள் கவனத்துக்குரியவை. மது, புகைத்தல், ஆண் துணை ஆகிய மூன்றும் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. இருபத்தைந்து அல்லது இருபத்தாறு வயதளவில் ஓய்வு பெற வேண்டும் என்ற வழமையும் இருந்தது. இவற்றை ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட விசித்திரமாகக் கருதுதல் தவறாகும். திருமணத்தோடு பெண் ஊழியரை விலக்கும் முறை யப்பானியத் தொழிற்றுறையில் பரவலாக இருந்தது. சுமித்தோமோ சீமெந்து நிறுவன வழக்கிலே 1966 இல் ரோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அம்முறையைச் செல்லாதென அறிவித்தது. ஆணுக்கு அறுபது, பெண்ணுக்கு ஐம்பத்தைந்து என்று ஓய்வு வயதைப் பிரித்த நிசான் நிறுவனத்தின் விதியை 1981 இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இளம் பெண்ணின் உழைப்பைக் குறைந்த காலத்துக்குப் பெற்று, பின்னர் அவளை இல்லத்துக்குத் திருப்பியனுப்பி, அவ்விடத்துக்கு வேறொரு இளம் பெண்ணைக் கொணர்தல் என்ற பொதுவான உற்பத்தி ஒழுங்கே மல்யுத்த மேடையிலும் தொழிற்பட்டது.

3

முதலாவது போட்டி 1979 பெப்ரவரி 27 ஆம் திகதி ரோக்கியோவின் நிப்பொன் புடோக்கான் மண்டபத்தில் நிகழ்ந்தது. பியூட்டி பெயர் இணையினர் இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்தனர். தோற்பவர் தொழிலை விட்டு விலக வேண்டும் என்பது நிபந்தனை. உவேடா தோற்றார், விலகினார். இருவருமே இருபதை அண்டிய வயதினர்.

ஒரே மேடையில் ஒன்றாகப் பாடிய இருவரில் ஒருவர் மற்றவரின் தொழில் வாழ்வை முடித்துவைக்க வேண்டும் என்ற இவ்வமைப்பில் உண்மையான துன்பியல் உண்டு. ஆனால் அத்துன்பியலின் ஊற்று எது? நிறுவனமொன்று வகுத்த நிபந்தனை இரு தோழியரின் விதியாக இங்கு தோற்றமளிக்கின்றது. நிபந்தனையை விதித்தவர் மேடையிலே இல்லை. தொழிலாளர் ஒருவரையொருவர் வெளியேற்றும் போட்டியாளராக நிறுத்தப்படுவதும், அப்போட்டி இயற்கையானது போன்று காட்டப்படுவதும் முதலாளித்துவக் கருத்துநிலையின் அன்றாடத் தொழிற்பாடாகும். இப்போட்டியின் கலைவலிமை மறுக்க முடியாதது. ஆயினும், அது பார்வையாளரைக் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்பியதேயன்றி, 'ஏன் ஒருவர் விலக வேண்டும்' என்ற வினாவோடு அனுப்பவில்லை. எஞ்சிய சாத்தோவும் 1981 இல் ஓய்வு பெற்றார் என்பது வெற்றியின் பெறுமதி எத்துணை குறுகியது என்பதைக் காட்டும்.

4

இரண்டாவது போட்டி 1985 ஓகஸ்ட் 28 ஆம் திகதி ஒசாக்கா கோட்டை மண்டபத்தில் நடைபெற்றது. 'கிரஷ் கேல்ஸ்' இணையைச் சேர்ந்த சிகுசா நாகயோவும், கொடியோர் குழுவின் தலைவியான டம்ப் மட்சுமோட்டோவும் மோதினர். தோற்பவரின் தலைமயிர் மழிக்கப்படும் என்பது ஒப்பந்தம். குருதி வழிந்த நெற்றியோடு நாகயோ தோற்றார். மேடை நடுவிலே அவரது தலை மழிக்கப்பட்டபோது மண்டபம் நிறைந்திருந்த மாணவிகள் கதறியழுதனர்.

இப்போட்டியை வெறும் வன்முறையென்று ஒதுக்குவது எளிது. ஆழ்ந்து நோக்கின் அதிலே இரு முரண்பட்ட ஓட்டங்கள் தெரியும். கனத்த உடல், பூச்சிட்ட முகம், கையில் சங்கிலி ஆகியவற்றோடு வரும் மட்சுமோட்டோ, பெண்மை பற்றிச் சமூகம் வகுத்த இலக்கணங்கள் அனைத்தையும் மீறி நிற்பவர். அத்தகைய பெண்ணுக்குக் கொடியவள் என்ற பாத்திரமே வழங்கப்பட்டது. ஆதிக்கக் கருத்துநிலையின் குரலை இதிலே கேட்கலாம். ஆனால், அந்நிலையிலும் அவர் தோற்கவில்லை. மேலும், அவர் குழுவின் போட்டிகளிலே நடுவரே கொடியோர் பக்கம் சாய்ந்து நிற்பது வழமை. ஒழுங்கைக் காக்க வேண்டியவர் வலியோரின் ஆளாக இருப்பதென்பது, பள்ளியிலும் இல்லத்திலும் அதிகாரத்தை அனுபவித்தறிந்த மாணவிகளுக்கு விளக்கம் தேவைப்படாத செய்தியாகும்.

மறுபுறத்தில், குறுகத் தரித்த முடியோடு, ஆண் எவரதும் துணையின்றிப் போராடும் நாகயோவிலே அம்மாணவிகள் கண்டது யாது? உரத்துக் கத்தவும், விழவும், விழுந்தபின் எழவும் ஒரு பெண்ணுக்கு இடமுண்டு என்பதையே. வேலைவாய்ப்பில் ஆண்-பெண் சமவாய்ப்புச் சட்டம் நிறைவேறியதும் 1985 ஆம் ஆண்டில்தான். 1986 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆட்சேர்ப்பிலும் பதவியுயர்விலும் சமவாய்ப்பளிக்குமாறு அச்சட்டம் முதலாளிமாரை 'முயலும்படி' மட்டுமே கேட்டது. சட்டம் அரைகுறையாக வாக்களித்ததை அம்மண்டபத்துச் சிறுமியர் முழுமையாக வேண்டி நின்றனர் எனக் கொள்ளின் அது மிகையாகாது. அவர்தம் கண்ணீரைப் போலி உணர்வென்று தள்ளுவது, அவர்களின் வேட்கையையும் சேர்த்துத் தள்ளுவதாகும். அவ்வேட்கையை நிறுவனம் நுழைவுச் சீட்டாகவும் இசைத்தட்டாகவும் மாற்றி விற்றது என்பதும் உண்மையே. இரண்டையும் ஒருங்கு காண்பதே இயங்கியல் நோக்கு.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். நாகயோவும் மட்சுமோட்டோவும் 1980 இல் ஒன்றாகத் தொழிலுக்கு அறிமுகமானவர்கள். பகைமை அவர்களது பாத்திரம். உடனுழைப்போர் என்பதே அவர்களது நிலை. 1986 நவம்பரில் நடந்த மறுபோட்டியில் மட்சுமோட்டோவின் தலை மழிக்கப்பட்டது. 1988 இல் அவர் ஓய்வு பெற்ற நாளன்று இருவரும் ஒரே பக்கத்தில் நின்று போட்டியிட்டனர். பாத்திரத்தின் கீழ் மறைந்திருந்த உழைப்புறவு ஒரு கணம் வெளிப்பட்ட சந்தர்ப்பம் அது.

5

மூன்றாவது, 1993 ஏப்ரல் 2 ஆம் திகதி யொக்கோஹாமா அரங்கில் அக்கிரா ஹொக்குட்டோவும் ஷினோபு கண்டோரியும் மோதிய போட்டி. நிறுவனங்களுக்கிடையிலான சுவர்கள் தளர்ந்து, வெவ்வேறு நிறுவனங்களின் வீராங்கனைகள் ஒரே மேடையில் சந்தித்த காலம் அது. யூடோ வீராங்கனையாக உலகப் போட்டிகளிலே பதக்கம் பெற்ற கண்டோரி, தொடக்கத்திலேயே ஹொக்குட்டோவின் கையைப் பூட்டி முறுக்குகின்றார். அரை மணி நேரம் நீளும் இப்போட்டியின் இறுதியில், குருதியில் தோய்ந்த ஹொக்குட்டோவும் களைத்துப்போன கண்டோரியும் நுட்பங்கள் யாவும் தீர்ந்த நிலையில் வெறுங்கையால் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்துகின்றனர். ஹொக்குட்டோ வெல்கின்றார்.

ஹொக்குட்டோ 1987 இல் ஒரு போட்டியின் நடுவே கழுத்தெலும்பு முறிந்தும், தலையைத் தம் கைகளால் தாங்கிப் பிடித்தவாறு அப்போட்டியை முடித்தவர். இதனை வீரமென்று புகழ்வோர் பலர். வீரந்தான். ஆனால், கழுத்து முறிந்த தொழிலாளியை வேலையை முடிக்கவிட்டு நிற்கும் தொழிற்களம் பற்றி என்ன சொல்வது? முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதால் உடலின் சேதம் தீர்மானத்துக்கு உட்பட்டதாகிவிடாது. பார்த்தின் நோக்கு காணத் தவறிய இடம் இதுவே: துன்பத்தைக் குறியாக்கும் உடல் மெய்யாகவே துன்புறுகின்றது.

கலை என்ற வகையில் மூன்றினுள்ளும் இதுவே சிறந்தது. கொடியவர், நல்லவர் என்ற எளிய பிரிவு இங்கு கரைந்து, இரு முதிர்ந்த தொழிலாளர் ஒருவரின் ஆற்றலை மற்றவர் அறியும் நாடகமாகின்றது. ஆனால் இக்காலத்துப் பார்வையாளரில் வளர்ந்த ஆண்களே மிகுந்திருந்தனர். 1985 இன் மாணவிகள் அங்கில்லை. வடிவம் செழுமையுற்ற வேளையில் அதன் சமூகத்தளம் குறுகிற்று. 1994 நவம்பர் 20 ஆம் திகதி ரோக்கியோ டோமில் நிகழ்ந்த மாபெரும் நிகழ்வைப் பலர் இக்கலையின் உச்சமாகக் கொள்வர். யாருடைய கலை என்ற வினாவை முதன்மைப்படுத்துவோர்க்கு உச்சம் 1985 ஆகவே தோன்றும்.

6

இவ்வாய்வின் பொருள் இறந்தகாலத்துக்கு மட்டும் உரியதன்று. 2020 மே 23 ஆம் திகதி ஹனா கிமுரா என்ற இருபத்திரண்டு வயது வீராங்கனை உயிர் நீத்தார். வாழ்வை உள்ளவாறே காட்டுவதாகக் கூறிக்கொண்ட தொலைக்காட்சித் தொடரொன்றிலே தோன்றியமைக்காக, முகமறியாதோர் பலரின் வசை இணையவெளியில் அவர்மீது குவிந்திருந்தது. அவரது மரணத்தின் பின் எழுந்த விவாதம், நிந்தனைக் குற்றத்துக்கான தண்டனையைக் கடுமையாக்கும் சட்டத் திருத்தத்துக்கு 2022 இல் வழிகோலியது.

மல்யுத்த மேடையிலே மட்சுமோட்டோவை மாணவிகள் வெறுத்தனர். அவ்வெறுப்பு மேடையைத் தாண்டியதும் உண்டு. எனினும், கயிறுகளால் எல்லையிடப்பட்ட அம்மேடை, 'இது பாத்திரம், இது தொழில்' என்று ஓரளவேனும் அறிவித்து நின்றது. கிமுரா பங்கேற்ற தொடரோ அதே நன்மை-தீமை நாடகத்தை விற்றுக்கொண்டே, அது நாடகம் என்பதையும், அதிலே பங்குகொண்டோர் உழைப்பாளர் என்பதையும் மறைத்தது. பொய்யென்று இகழப்பட்ட மல்யுத்தத்திலும் பார்க்க, மெய்யென்று விற்கப்பட்ட தொடரே கொடிய பொய்யாக முடிந்தது.

மட்சுமோட்டோவின் வாழ்வு 2024 இல் நெற்பிளிக்ஸ் தொடராக வெளிவந்து உலகெங்கும் பார்க்கப்பட்டது. அதன் மல்யுத்தக் காட்சிகளுக்கு வழிகாட்டியவர் நாகயோ. அன்று குருதி சிந்திய உழைப்பு இன்று நினைவாக மீண்டும் பண்டமாகின்றது. ஆயினும், அதனைப் பார்க்கும் புதிய தலைமுறைப் பெண்கள் அம்மண்டபத்து மாணவிகளின் கதறலையும் கேட்கின்றனர். மேடையின் மீதுள்ள குறிகளை மட்டுமன்றி, அவற்றைத் தாங்கும் உடல்களையும், அவ்வுடல்களை நோக்கிக் கதறுவோரின் வாழ்வையும் ஒருசேரக் கருத்திற்கொள்ளும் திறனாய்வே வெகுசனக் கலைகளை முறையாக மதிப்பிட வல்லது என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.