மைனர் மேஜரான கதை

மொட்டைத்தலைப் பையன் ஒருவன் படிக்கட்டில் உட்கார்ந்து, மடக்கிய கைகளுக்குள் முகத்தைக் கவிழ்த்திருக்கிறான். காலில் பூட்ஸ். வாஷிங்டனின் பங்க் இசைக்குழு மைனர் திரெட் 1981இல் கொண்டுவந்த இசைத்தட்டின் உறை இது. பையன், பாடகர் இயன் மெக்கேயின் தம்பி அலெக். வெளியிட்டது அவர்களே நடத்திய டிஸ்கார்ட் என்கிற சின்ன நிறுவனம்.

2005இல் நைக்கியின் ஸ்கேட்போர்டிங் பிரிவு தன் சுற்றுப்பயணத்துக்குப் போஸ்டர் போட்டது. அதே படிக்கட்டு, அதே கவிழ்ந்த தலை. பூட்ஸ் இருந்த இடத்தில் நைக்கி ஷூ. தலைப்பு 'மேஜர் திரெட்'. டிஸ்கார்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

'மைனர்' என்றால் சின்னது. வயது வராதவன் என்றும் பொருள். 'மேஜர்' என்பது இசை வியாபாரத்தில் பெரிய கம்பெனிகளுக்கான பெயர். தங்களைப் பற்றி இவ்வளவு உண்மையான விளம்பரத்தை அவர்கள் வேறு எப்போது போட்டார்கள்?

'காப்பியடிக்காதவன் யாருய்யா? 1995இல் ரான்சிட் குழுவும் இதே உறையைத்தானே திருப்பிப் போட்டது?' என்று நண்பர்கள் மடக்கலாம். போட்டது, வாஸ்தவம். தான் எங்கிருந்து வந்தோம் என்று சொல்வதற்காகப் போட்டது. நைக்கியோ தான் வராத இடத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளப் போட்டது. சாதாரணத் திருடன் திருட்டுப் பொருளின் அடையாளத்தை அழிப்பான். இங்கே அடையாளம் தெரிந்தால்தான் சரக்கு போகும். களவாடப்பட்டது படம் மட்டுமல்ல; சந்தைக்கு வரமாட்டோம் என்ற மறுப்பும் சேர்த்துத்தான்.

எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் கடைசியில் மன்னிப்பு அறிக்கை வந்தது. போஸ்டரை விட அதைத்தான் நாம் ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டும். ஸ்கேட்போர்டர்களுக்காக ஸ்கேட்போர்டர்களே செய்ததாம். செய்த ஊழியர்கள் எல்லாரும் அந்தக் குழுவின் ரசிகர்களாம். பயணம் வாஷிங்டனில் முடிவதால் பொருத்தமாக வேறு இருந்ததாம். இதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயமே அங்கேதான். எதிர்க்கலாச்சாரத்தை வேவு பார்க்க மூலதனத்துக்கு ஆள் தேவையில்லை. அதை நேசித்து வளர்ந்த பிள்ளைகளையே சம்பளம் கொடுத்து உள்ளே உட்கார வைத்திருக்கிறது. அவர்களுடைய நேசம்தான் கச்சாப்பொருள்.

சரி, டிஸ்கார்ட் எந்த மொழியில் பதில் சொல்வது? சட்டம் கையில் தருவது பதிப்புரிமை, அதாவது சொத்தின் மொழி. 'இது எங்களுடையது' என்று அதில் முறையிடலாம். 'இது யாருடைய ஷூவுக்கும் அல்ல' என்பதற்கு அதில் சொல் இல்லை. கலந்துபேசாமல் செய்திருக்கக் கூடாது என்றுதான் அறிக்கையும் வருந்தியது. கலந்துபேசி, ஒரு தொகை பேசி முடித்திருந்தால் வருந்துவதற்கு அதனிடம் எதுவும் இருந்திருக்காது.