யோங் பெங்கில் ஒரு கேபின் வீடு: முதல் வீடாக வாங்கலாமா?

தொழிற்சாலையில் செய்து லோரியில் பெட்டியாக ஏற்றிவரும் வீட்டை முதல் வீடாக வாங்கலாம். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. எஃகுச் சட்டத்துக்குச் சரியான துருத்தடுப்புப் பூச்சு வேண்டும். சுவருக்குள் என்ன அடைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பெட்டிக்கு மேல் தனிக் கூரை வேண்டும். பெட்டி மண்ணில் படாமல் தூண்களில் நிற்க வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியம், வீட்டில் எது கெட்டாலும் நம் ஊர் வெல்டிங்காரரும் வயர்மேனும் அதைச் சரிசெய்ய முடிய வேண்டும்.

ஜொகூர் மாநிலத்தின் யோங் பெங்குக்கு வெளியே செம்பனைகளுக்கு நடுவில் என் அண்ணன் வாங்கி வைத்திருக்கும் கேபின் வீட்டில் உச்சி வெயிலிலும் அடைமழையிலும் தங்கிப் பார்த்து நான் வந்த முடிவு இது. செய்த தொழிற்சாலையின் பெயரை எழுதவில்லை. ஜொகூரில் இந்தத் தொழிலில் பலர் இருக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் உதவும்படி சொல்வதே நோக்கம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு வீடு என்பது நெடுங்காலம் வேலையோடு சேர்ந்தே வந்தது. வேலை இருக்கும்வரை லயத்தில் இடம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். 1990ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. அந்த வீட்டைச் சொந்தமாக்கித் தரவில்லை. அதனால் அறுபது வயதில் முதன்முதலாகச் சொந்த வீடு பார்க்கும் நிலை நம்மில் பலருக்கு இன்றும் இருக்கிறது. கையில் சிறு நிலம் இருக்கும், சேமநிதிப் பணம் கொஞ்சம் இருக்கும். தாமான் வீட்டு விலைக்கு அது போதாது. இப்படிப்பட்டவர்கள்தான் கேபின் வீட்டை ஆவலோடு பார்க்கிறார்கள். அவர்களுடைய பணம் ஒரு வெள்ளிகூட வீணாகக் கூடாது.

வீடும் அது வந்து இறங்கியதும்

20 அடி நீளம், 10 அடி அகலம் கொண்ட இரண்டு பெட்டிகள். இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்து, நடுச் சுவரை எடுத்துவிட்டால் 400 சதுர அடி. முன்னால் கூடமும் சமையலும், பின்னால் ஒரு படுக்கை அறை, ஒரு குளியலறை. கணவன் மனைவி இருவருக்குத் தாராளம். பேரப்பிள்ளைகள் வந்தால் கூடத்தில் பாய் விரிக்கலாம்.

பெட்டிகள் கிரேன் லோரியில் வந்தன. இறக்கி வைத்து இணைக்கும் வேலை ஒரே பகலில் முடிந்தது. அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. லோரி திரும்ப இடம் உண்டா, தோட்டப் பாதையின் சிறு பாலம் அந்தப் பாரத்தைத் தாங்குமா, கிரேன் கையை உயர்த்தும் இடத்தில் மின்கம்பி போகிறதா என்று முன்கூட்டியே ஆள் வந்து பார்க்க வேண்டும். முன்பணம் வாங்குவதற்குமுன் இடத்தை வந்து பார்க்காத விற்பனையாளரை நான் நம்பமாட்டேன்.

சட்டமும் சுவரும்

எஃகில் இரண்டு குறியீடுகளைத் தேடுங்கள். இஸட் 275 என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டில், இரண்டு பக்கமும் சேர்த்து, 275 கிராம் துத்தநாகப் பூச்சு. ஏஇஸட் 150 என்றால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு 150 கிராம். நம் ஈரக் காற்றுக்கு இந்தப் பூச்சுதான் காவல். வெட்டிய முனைகளிலும் வெல்டிங் பட்ட இடங்களிலும் அது எரிந்துபோயிருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். அண்ணன் வீட்டில் அடிச்சட்டத்தின் மூலைகளில் துத்தநாகச் சாயம் மறுபடி பூசியிருந்தார்கள். பெட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் இது தெரியும். அவசியம் குனிந்து பாருங்கள்.

சுவர், இரண்டு தகடுகளுக்கு நடுவே அடைப்பு வைத்த பலகை. அடைப்பில் மூன்று வகை உண்டு. வெள்ளை நுரையான இபிஎஸ் மலிவு. ஆனால் சூட்டில் உருகும், தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். பியூ (பாலியூரித்தேன்) நுரை வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். 50 மில்லிமீட்டர் பியூ செய்யும் வேலையைச் செய்ய இபிஎஸ் ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் வேண்டும். பாறையிலிருந்து செய்யும் ராக்வூல் எரியாது. ஆனால் கனமும் விலையும் கூடுதல். சமையல் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்காவது ராக்வூல் கேளுங்கள். காஸ் அடுப்புக்கு ஓரடி தூரத்தில் இபிஎஸ் சுவர் வேண்டாம்.

தரைக்கு அண்ணன் சிமெண்ட் பலகை போடச் சொன்னார். அது சரியான முடிவு. ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பும், கரையானும் வரும். மெக்னீசியம் ஆக்சைடு பலகையும் சந்தையில் இருக்கிறது. டென்மார்க்கில் கட்டடங்களின் வெளிப்புறத்தில் அதைப் பெரும் அளவில் பயன்படுத்தினார்கள். பலகை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புநீராக வடித்து, தொட்டிருந்த ஆணிகளையும் இரும்பையும் அரித்தது. குளிர்நாட்டிலேயே அப்படியென்றால் யோங் பெங் ஈரத்தில் அதை எஃகுச் சட்டத்தின் மேல் வைப்பது ஆபத்து. தரையைச் சோதிக்க எளிய வழி, அறையின் நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதிப்பது. அண்ணன் வீட்டுத் தரை அதிரவில்லை.

வெயில்

தட்டைக் கூரையோடு வந்த பெட்டியில் முதல் சில வாரங்கள் மதிய நேரத்தில் உட்காரவே முடியவில்லை. ஏர்கோன் நிற்காமல் ஓடியது. பிறகு பெட்டிக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு, சாய்வான தகரக் கூரை ஒன்றைத் தனியாகப் போட்டார்கள். நான்கு பக்கமும் தாழ்வாரம் நீண்டிருக்கிறது. நடுவில் காற்று ஓடுகிறது. இப்போது பகலில் மின்விசிறியே போதும், இரவுக்கு மட்டும் ஏர்கோன். இந்த வீட்டுக்குச் செலவிட்ட பணத்தில் அதிகப் பலன் தந்தது இந்தக் கூரைதான். விலைப்பட்டியலில் இது தனிச் செலவாகத்தான் இருந்தது; நீங்கள் தொடக்கத்திலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

யோங் பெங் நிலநடுக்கோட்டுக்கு 2 பாகை வடக்கே இருக்கிறது. நண்பகல் வெயில் தலைக்கு மேலே. காலையிலும் மாலையிலும் கிழக்கு, மேற்குச் சுவர்கள்தான் காய்கின்றன. ஆகவே வீடு நீளவாக்கில் இருந்தால் நீளமான சுவர்களை வடக்கு, தெற்கு பார்க்க வைக்க வேண்டும். பெட்டி இறங்கும் அன்று லோரிக்கு வசதியான பக்கம் வைத்துவிட்டால் பிறகு திருப்ப முடியாது.

மழை

முதல் பெருமழையில் இரண்டு பெட்டிகளும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்தது. இது புதிய நோய் அல்ல. 1960களில் கோலாலம்பூர் ஜாலான் பெக்கிலிலிங்கில் தொழிற்சாலைப் பலகைகளை அடுக்கி அடுக்குமாடி எழுப்பிய காலத்திலிருந்தே, இவ்வகைக் கட்டடங்களின் பலவீனம் இணைப்புகள்தான். தொழிற்சாலை ஆள் வந்து சிலிகோன் பசை தடவினார். அது வெயிலில் வெடித்து மீண்டும் கசிந்தது. உள்ளூர் வெல்டிங்காரர் இணைப்பின் மேல் முழுநீளத் தகர மூடியை மடித்துப் பொருத்தியதும் கசிவு நின்றது. இணைப்பை மூடுவது பசையா, தகர மூடியா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். பசை மட்டும் என்றால் ஏற்காதீர்கள்.

மழைச் சத்தம் எல்லாரும் கேட்கும் கேள்வி. அடிப்பக்கம் நுரை ஒட்டிய தகரம் போட்டதால் பேச்சை அமுக்கும் அளவுக்குச் சத்தம் இல்லை. வெறும் தகரம் போட்ட பக்கத்து வீட்டில் மழை நேரத்தில் தொலைக்காட்சி கேட்காது.

மின்சாரம்

எஃகு வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் சுவரே மின்சாரம் ஏந்தும். சட்டத்தை மண்ணோடு இணைக்கும் எர்த் கம்பி, செருகுவாய்களுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி என்னும் மின்கசிவு துண்டிப்பான், குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, இந்த மூன்றிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இடி மின்னல் அதிகமுள்ள நாடு இது. தொழிற்சாலையிலேயே கம்பி இழுத்து வந்தாலும், உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் நிலத்தில் வைத்த பிறகு சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

நிலமும் மன்றமும் வெள்ளமும்

"கேபின்தானே, அனுமதி வேண்டாம்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி கட்டடம் எழுப்ப ஊராட்சியின் ஒப்புதல் வேண்டும். இங்கே அது யோங் பெங் மாவட்ட மன்றம். நிலப்பட்டாவில் விவசாயம் என்று எழுதியிருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 115ஆம் பிரிவைப் பற்றி நில அலுவலகத்தில் கேளுங்கள். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு அது அளவு வரம்போடு இடம் தருகிறது. பட்டாவில் பலர் பங்குதாரர்கள் என்றால் எல்லாருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிட்டுப் பெட்டியை இறக்குங்கள்.

2023 மார்ச் வெள்ளத்தை யோங் பெங் மறக்காது. யோங் பெங் அடங்கிய பத்து பகாட் மாவட்டத்தின் பல பகுதிகளில் நீர் வடியாமல் கிடந்தது. கேபின் வீட்டுக்கு வெள்ளம் இரண்டு விதத்தில் கேடு. முதலாவது, சுவர்ப் பலகையின் அடிப்பள்ளத்தில் சேறு தங்கி உள்ளிருந்து துருவேறும். இரண்டாவதைப் பலர் நினைப்பதில்லை. 20க்கு 10 அடிப் பெட்டியின் தரை 18.6 சதுர மீட்டர். தண்ணீர் உள்ளே புகாதவரை, பெட்டியின் அடிப்பாகத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீரும் பெட்டியை ஏறக்குறைய 186 கிலோ விசையோடு மேலே தூக்கும். ஒரு சாண் நீரே இலேசான பெட்டியை நகர்த்திவிடக்கூடும். ஆகவே அக்கம்பக்கத்தில் பழைய வெள்ளக் கறை எங்கே இருக்கிறது என்று கேட்டு, தூண்களை அதற்கு மேலாக உயர்த்துங்கள். ஒவ்வொரு தூணிலும் பெட்டியைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். மலாய்க் கம்பத்து வீடுகள் காலூன்றி உயர்ந்து நின்றதற்குக் காரணம் இருக்கிறது.

பழுது பார்க்க முடியுமா?

இதற்கு நம் மக்களின் வாழ்விலிருந்தே ஒரு பாடம் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 எஃகு வீடுகளைப் பொருத்தித் தர அந்நாட்டு அரசு முனைந்தது. ஆர்சலோர் மிட்டல் நிறுவனத்தின் வீடு. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 லட்சம் இலங்கை ரூபாய். 2016இல் எதிர்ப்பு வலுத்தது. நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரனும் பொறியாளர்களும் கேள்விகளை அடுக்கினார்கள். உப்புக் காற்றில் எஃகு என்னாகும்? வெயிலில் எப்படி இருப்பது? உடைந்தால் ஊரில் யார் திருத்துவது? அதற்குச் சற்று முன்தான் இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பங்கள் ஆளுக்கு 5.5 லட்சம் ரூபாய் உதவி பெற்றுத் தாங்களே கல் வீடு கட்டியிருந்தன. உள்ளூர்க் கொத்தனாருக்குத் தெரிந்த வீடு அது. எஃகுத் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது.

தொழிற்சாலை வீடே தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட்டில் பொருத்திய 1,152 வீடுகள் 2022 மே மாதம் திறக்கப்பட்டன. முறை எதுவானாலும், வீட்டில் இருப்பவர் அதைப் புரிந்துகொண்டு பேண முடிய வேண்டும். அண்ணன் வீடு இந்தச் சோதனையில் தேறுகிறது. கதவும் சன்னலும் கடையில் கிடைக்கும் அளவு. குழாய்கள் சுவருக்கு வெளியே ஓடுகின்றன. ஒரு பலகை நசுங்கினால் திருகாணிகளைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். கசிவைச் சரிசெய்தவரும் உள்ளூர்க்காரர்தான்.

பணம்

சதுர அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். தூண்கள், கிரேன் கூலி, தனிக் கூரை, கழிவுத் தொட்டி, தண்ணீர், மின் இணைப்பு, வரைபடக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கூட்டி, பிறகு 400ஆல் வகுத்துப் பாருங்கள். நகர்த்தக்கூடிய பெட்டிக்கு வங்கிகள் வீட்டுக்கடன் தரத் தயங்கும்; தனிநபர் கடனின் வட்டி கூடுதல். சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீடு கட்டப் பணம் எடுக்க வழியிருக்கிறது, அதற்கும் நில உரிமையும் கட்டட ஒப்பந்தமும் சரியாக இருக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சொந்த நிலத்தில் அரசு உதவியோடு மூன்று அறை வீடு கட்டித் தரும் ருமா மெஸ்ரா ராக்யாட் திட்டமும் இருக்கிறது. தகுதி இருந்தால் முதலில் அங்கே விண்ணப்பியுங்கள்.

முடிவாக

பட்டா தெளிவாக உள்ள மேட்டு நிலம் இருந்து, கணவன் மனைவியாக இருவர் குடியேறுவதென்றால் இந்த வீட்டை நான் பரிந்துரைக்கிறேன். தாழ்ந்த நிலமானாலும், ஆறு பேர் குடும்பமானாலும், பெயர் மாற்றாத கூட்டுப் பட்டாவானாலும் வேண்டாம்.

அமெரிக்காவில் 1976 ஜூன் 15 முதல், இவ்வகை வீடு ஒவ்வொன்றிலும் செய்தவர் யார், எந்த அளவு காற்றுக்கும் வெப்பத்துக்கும் ஏற்றது என்ற விவரத் தாளை உள்ளே ஒட்டியாக வேண்டும். நாமும் அதைக் கேட்டு வாங்கலாம். எஃகின் பூச்சு, பலகையின் அடைப்பும் தடிமனும், தரைப் பலகையின் வகை, மின்கம்பி வரைபடம், இணைப்பு மூடும் முறை, இந்த ஐந்தையும் எழுதி முத்திரையிட்டுத் தரச் சொல்லுங்கள். தருபவரிடம் வாங்குங்கள். வாய்ச்சொல் மட்டும் தருபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.