கல்லில் நிற்கும் அரசியர், கதையில் அழும் சிவகாமி

இங்கிலாந்தை 1509 முதல் 1547 வரை ஆண்ட மன்னன் எட்டாம் ஹென்றி. ஆறு பெண்களை மணந்தான். இருவரின் மணம் செல்லாது என்று தள்ளினான். இருவரின் தலையை வெட்டச் சொன்னான். ஒருத்தி பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் மாண்டாள். ஒருத்தி மட்டும் அவன் மாளும்வரை மனைவியாகவே இருந்தாள். இந்தக் குடும்பக் கதையைத்தான் 'தி டியூடர்ஸ்' என்ற பெயரில் 2007 முதல் 2010 வரை 38 பகுதிகளாகத் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். நம் இளைஞர் பலர் இன்று அதைக் கைப்பேசியிலேயே பார்க்கின்றனர். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊரப்பாக்கத்துத் தோழர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டனர்: "நம் நாட்டு மன்னர் வீட்டுக் கதையையும் இப்படி எடுத்தால் என்ன?"

கேள்வி நல்லது. கேட்ட இடமும் பொருத்தமானது. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே இருக்கும் ஊர் ஊரப்பாக்கம். அங்கிருந்து தெற்கே போனால் செங்கற்பட்டு, அதையடுத்து வல்லத்துக் குடைவரைகள். கடலோரம் சென்றால் மாமல்லபுரம். மேற்கே திரும்பினால் காஞ்சி. பல்லவர் வீட்டு முற்றத்திலே நின்றுகொண்டு கேட்ட கேள்வி அது! எடுக்கலாம், தோழர்களே, தாராளமாக எடுக்கலாம். ஆனால் எதை எடுப்பது, யார் கண்ணால் பார்த்து எடுப்பது என்பதைப் பேசிவிட்டு எடுப்பது நல்லது.

முதலில் அந்த ஆங்கிலத் தொடரையே பார்ப்போம். ஹென்றிக்குத் தங்கையும் தமக்கையுமாக இரு உடன்பிறந்தவர்கள் வளர்ந்து ஆளானார்கள். தமக்கை மார்கரெட் ஸ்காட்லாந்து மன்னனை மணந்தாள். தங்கை மேரி 1514-இல் பிரான்சின் முதிய மன்னன் பன்னிரண்டாம் லூயிக்கு மணம் முடிக்கப்பட்டாள். மூன்று மாதம் நிறையுமுன் அவன் இறந்தான். தொடரோ இருவரையும் பிசைந்து ஒருத்தியாக்கி, அவளைப் போர்ச்சுகல் மன்னனுக்கு மணம் செய்து வைத்து, அவள் கையாலேயே அந்தக் கிழவனை மூச்சு முட்டச் செய்து கொல்கிறது! வரலாற்றில் கடைசி ஆண்டுகளில் ஹென்றியின் உடல் பெருத்துப்போயிற்று, காலில் ஆறாத புண், நடப்பதே துன்பம். தொடரிலோ கடைசிவரை ஒல்லியான கட்டுடல். காதல் நாயகனுக்குத் தொந்தி ஆகாது போலும்.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். தொடர் தவறினால் அதைத் தட்டிக் கேட்க அந்நாட்டில் ஏடுகள் உண்டு. அரசியரின் கடிதங்கள் உண்டு. அயல்நாட்டுத் தூதர்கள் தம் மன்னர்க்கு எழுதிய அறிக்கைகள் உண்டு. ஆன் பொலின் மீது 1536-இல் நடந்த வழக்கைப் பற்றிய பதிவுகள் உண்டு. ஆறு மனைவியரின் பெயரும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும்: மூன்று கேதரின், இரண்டு ஆன், ஒரு ஜேன்.

இப்போது மாமல்லபுரம் வாருங்கள். அங்கே ஆதிவராகக் குடைவரையில் ஒரு சுவரில் ஒரு மன்னன் அமர்ந்திருக்கிறான். இருபுறமும் இரு பெண்கள் நிற்கின்றனர். எதிர்ச்சுவரில் இன்னொரு மன்னன் நிற்கிறான். ஒரு பெண்ணின் கையைப் பற்றியபடி கருவறைப் பக்கம் சுட்டிக் காட்டுகிறான். அருகே இன்னொரு பெண். தலைக்கு மேலே எழுத்துப் பொறித்திருக்கிறது. ஒருவன் சிம்மவிண்ண போத்தாதிராசன், மற்றவன் மகேந்திர போத்தாதிராசன். சிம்மவிஷ்ணுவும் அவன் மகன் முதலாம் மகேந்திரவர்மனும்தான் இவர்கள் என்பர் ஒரு சாரார். பிற்காலத்துப் பல்லவர் என்பர் வேறு சாரார். ஆராய்ச்சியாளர் சண்டையை அவர்களிடமே விட்டுவிடுவோம். மன்னர் இருவரையும் பற்றி இத்தனை வழக்கு நடக்கிறதே, பக்கத்தில் நிற்கும் நான்கு பெண்கள் யார்? அவர்கள் தலைக்கு மேல் எழுத்து இல்லை. உளி ஓடிய கைக்கு அந்த இடத்தில் வேலை கொடுக்கப்படவில்லை. மன்னனுக்குப் பெயர் வேண்டும். அரசிக்கு அணிகலன் போதும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

பெயரில்லாத இந்த வெற்றிடத்திலேதான் கதை புகுந்தது. கல்கி 1944 முதல் 1946 வரை தம் வார இதழில் எழுதிய 'சிவகாமியின் சபதம்' தமிழரில் பெரும்பாலோர்க்குப் பல்லவர் வரலாறாகவே ஆகிவிட்டது. மகேந்திரனின் பட்டத்தரசி புவனமகாதேவி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாமல்லன் நரசிம்மனின் மனைவி பாண்டியன் மகள் வானமாதேவி என்று அடித்துப் பேசுகிறார்கள். கல்வெட்டா சொன்னது? கல்கி சொன்னது! கதாசிரியர் பெயர் சூட்டினார். குற்றமில்லை, அவர் தொழில் அது. கதையையும் கல்லெழுத்தையும் பிரித்துப் பார்க்காமல் விட்டவர்கள் நாம்.

கல்கியின் எழுத்தாற்றலை மறுப்பதற்கில்லை. தேதிகளின் பட்டியலாக இருந்த பல்லவரை வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்தவர் அவர். அந்த நாவலில் மகேந்திரன் அருமையாக வார்க்கப்பட்ட பாத்திரம். ஆனால் கதையின் நடுவே நிற்கும் சிவகாமிக்கு என்ன நேர்கிறது? சிற்பி ஆயனரின் மகள் அவள்; ஆடற்கலையில் தேர்ந்தவள். இளவரசன் நரசிம்மன் அவளைக் காதலிக்கிறான். சிற்பியின் மகள் சிம்மாசனத்துக்கு ஆகுமா? தந்தை மகேந்திரன் தடை போடுகிறான். புலிகேசியின் படை அவளை வாதாபிக்குச் சிறையெடுத்துச் செல்கிறது. அந்நகர் எரிந்தாலன்றித் திரும்பேன் என்கிறாள். ஒன்பது ஆண்டு கழித்து நகரம் எரிகிறது. திரும்பி வந்து பார்த்தால் காதலனுக்கு மனைவியும் இரு மக்களும்! அரசியல் உறவுக்காகப் பாண்டியன் வீட்டில் பெண்ணெடுத்தாகிவிட்டது.

இதுவரை சரி. அரண்மனை மணம் என்பது நாடுகளின் ஒப்பந்தம், அதில் மனிதர் மனம் கைச்சரக்கு என்பதைக் கல்கி தெளிவாகவே காட்டிவிட்டார். ஹென்றியும் 1540-இல் ஜெர்மானியக் கூட்டுறவுக்காகத்தான் கிளீவ்சு நாட்டு ஆனை மணந்தான். ஆறு மாதத்தில் கைகழுவினான். அவள் அழுது மாளவில்லை. நிலமும் மாளிகையும் பெற்றுக்கொண்டு தன் வாழ்வைத் தானே நடத்தினாள். சிவகாமிக்கு ஆசிரியர் தரும் வழி என்ன? காஞ்சி ஏகாம்பரநாதரையே தலைவராக ஏற்று, சந்நிதியில் ஆடி, அங்கேயே அடைக்கலமாகிறாள். வாசகர் கண்ணீர் விடுகின்றனர். திரை விழுகிறது.

தோழர்களே, இங்கே சற்று நிற்போம். மன்னன் கைவிட்ட ஆடல் மகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவதற்கு நம் நாட்டில் ஒரு பெயர் இருந்தது. பொட்டுக் கட்டுதல் என்று அதைச் சொன்னார்கள். அந்தக் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் போராடியது 1920-களின் கடைசியில். அக்குலத்திலேயே அல்லற்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை எழுதியது 1936-இல். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-இல். கல்கியின் தொடர் வெளிவந்த ஆண்டுகளை மீண்டும் பாருங்கள்: 1944 முதல் 1946. வெளியே அம்மையார் போன்றோர் அந்தக் கதவை அடைக்கப் பாடுபடும் அதே வேளையில், உள்ளே ஒரு நாவல் அதே வாசலைத் தெய்வீகக் காதல் என்று தோரணம் கட்டி அழகு பார்க்கிறது! ஆசிரியர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது அழகாகப் பட்டது. எனக்கு அதுதான் அச்சம் தருகிறது.

இன்னொன்று. வாதாபிப் போர் ஒரு பெண்ணின் சூளுரையால் நடந்தது என்று கதை சொல்கிறது. வரலாறு என்ன சொல்கிறது? இரண்டாம் புலிகேசி முதலில் தொண்டை மண்டலத்தின் மீது படையெடுத்தான். வட எல்லை நிலங்கள் பறிபோயின. 642-ஆம் ஆண்டு வாக்கில் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். அங்கேயே பாறையில் தன் வெற்றியைப் பொறித்தான். நிலமும் பழியும் புகழுமே அதற்குக் காரணங்கள். அவற்றை மறைத்து ஒரு பெண்ணின் கூந்தலில் போரைக் கட்டித் தொங்கவிடுவது பாரதக் காலத்துப் பழக்கம். ரோமாபுரிப் போப்பை இங்கிலாந்து உதறியதற்கும் ஆன் பொலின் என்ற ஒரு பெண்தான் காரணம் என்று அங்கேயும் சொன்னார்கள். 1534-இல் திருச்சபைக்குத் தானே தலைவன் என்று சட்டம் செய்துகொண்டவன் ஹென்றி. 1536 முதல் 1540 வரை மடங்களை இடித்து அவற்றின் பொன்னையும் நிலத்தையும் வாரிக்கொண்டவன் ஹென்றி. பழி மட்டும் பெண்ணுக்கு!

மதத் தலைமையை எதிர்த்தான் என்பதற்காக அவனைச் சீர்திருத்தவாதி என்று நம்மவர் சிலர் மேடையில் பாராட்டுவதும் உண்டு. 1540 சூலை 30 அன்று லண்டன் சுமித்ஃபீல்டில் அவன் ஆணையால் மாண்டவர் ஆறு பேர். மூவர் போப்பை ஏற்றதற்காகத் தூக்கிலிட்டு வெட்டப்பட்டனர். மூவர் புதுச் சமயக் கொள்கைக்காக உயிரோடு கொளுத்தப்பட்டனர். ஒரே நாள், ஒரே இடம். நம் மகேந்திரனைப் பற்றியும் இத்தகைய கதை உண்டு. சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறியபின் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அக்கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறார் சேக்கிழார். அவர் எழுதியது 12-ஆம் நூற்றாண்டில். மன்னன் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டில். ஐந்நூறு ஆண்டு இடைவெளியைக் கழித்துவிட்டுப் படிக்கவேண்டும். அதே மகேந்திரன்தான் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தில் காபாலிகனையும் பௌத்தத் துறவியையும் பாசுபதனையும் காஞ்சித் தெருவில் சந்திசிரிக்க வைத்தவன். கல்கியோ ஒரு பௌத்தத் துறவியைக் கதை முழுவதற்கும் சூழ்ச்சிக்காரனாக்கினார். மன்னன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான்; நாவலாசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வெறுக்க வைத்தார்.

தொலைக்காட்சித் தொடர் வேண்டுமென்று கேட்ட தோழர்களுக்கு ஒரு செய்தி. பல்லவர் வீட்டுக் கதையைத் தொடராக எடுத்தவர் ஏற்கனவே ஒருவர் உண்டு. எடுத்தது எட்டாம் நூற்றாண்டில். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் காட்சிக்குப் பின் காட்சியாகப் பல்லவர் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் கீழே விளக்கமும் பொறித்திருக்கிறது. எடுத்தவன் இரண்டாம் நந்திவர்மன். கதாநாயகனும் அவனே!

கதை இது. 731 அளவில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான், வாரிசு இல்லை. காஞ்சியின் பெரியோரும் கடிகையாரும் பிறரும் பல்லவர் கிளைக்குடியில் வந்த இரணியவர்மனிடம் சென்று அரசன் வேண்டுமென்றனர். அவனுக்கு நான்கு மைந்தர். மூவர் மறுத்தனர். கடைக்குட்டியான பல்லவமல்லன், பன்னிரண்டே வயதினன், நான் போகிறேன் என்றான். தந்தை தயங்கினான், பின் இசைந்தான். யானை வந்தது, முடி சூட்டினர். படிப்பவர் உள்ளம் உருகும்.

ஆனால் சற்றுத் தள்ளி உதயேந்திரம் செப்பேட்டைப் பாருங்கள். நந்திவர்மனின் படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயன் என்பவனைப் போரில் கொன்றான் என்கிறது அது. பல்லவ அரியணைக்கு உரிமை கேட்டவன் இச்சித்திரமாயன் என்றும், இறந்த மன்னனுக்கே மகனாயிருக்கலாம் என்றும் வரலாற்றறிஞர் சிலர் கருதுவர். அப்படியாயின் வாரிசே இல்லை என்று கல்லில் எழுதியது எதற்கு? வென்றவன் சுவர் கட்டினான். சுவரில் வேண்டியதைச் செதுக்கினான். 1537-இல் ஹென்றியும் ஹோல்பைன் என்னும் ஓவியனைக் கொண்டு அரண்மனைச் சுவரில் தன்னையும் தன் தந்தையையும், மகனைப் பெற்ற ஜேனையும் தீட்டச் செய்தான். முதல் மனைவிக்கும் இரண்டாம் மனைவிக்கும் அச்சுவரில் இடமில்லை. காஞ்சியில் சித்திரமாயன் உரிமைக்கு இடமில்லாதது போலத்தான்! இந்த இரு சுவர்களையும் அருகருகே வைத்து ஒரு தொடர் எடுப்பாரானால் அவர் வீட்டுக்குத் தேடிச் சென்று மாலை போடுவேன்.

எல்லா அரசியரும் பெயரற்றுப் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நந்திவர்மனின் அரசி ரேவா. அவள் இராட்டிரகூடர் குடியினள் என்பர். மகனுக்குத் தந்திவர்மன் என்ற பெயர் வந்ததும் அவ்வழியே என்று கருதுவர். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் முன்னே வரிசையாக நிற்கும் சிறு கோயில்களில் ஒன்றை எடுத்தவள் இரங்கபதாகை. இராசசிம்மனின் தேவி என்று அறியப்படுபவள். அவள் பெயரையும் புகழையும் வடமொழிக் கல்வெட்டு பாடுகிறது. கணவனைப் பாடிய பிறகு அவளைப் பாடுகிறது என்பது உண்மைதான், ஆயினும் பாடுகிறது.

செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக்கு விடுமுறை நாளில் மிதிவண்டியிலோ பேருந்திலோ செல்லும் தோழர்கள், மகேந்திரனின் பட்டப்பெயர்களைத் தாங்கிய முதற்குடைவரையைப் பார்த்தவுடன் திரும்பிவிடுகின்றனர். மன்னன் பெயர் அங்கே இருப்பதால் அவர்கள் படமும் அங்கேதான் எடுக்கிறார்கள். அதை வெட்டுவித்தவன் வயந்தப்பிரியரசனின் மகன் கந்தசேனன் என்று கல்வெட்டே கூறுகிறது. இன்னும் சிறிது நடந்தால் அங்கே மற்றொரு குடைவரை இருக்கிறது. அதில் சில சொற்களே உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு. பல்லவ அதிகாரி ஒருவரின் மகள் கொம்மை எடுத்த தேவகுலம் என்பது அதன் பொருள். அவள் யாரைக் காதலித்தாள், யாரால் கைவிடப்பட்டாள், எந்தச் சபதம் செய்தாள் என்று அது சொல்லவில்லை. அவள் பெயரைச் சொல்கிறது, அவள் செய்த வேலையைச் சொல்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் படித்துவிட்டு வாருங்கள்.