பாயிரமும் கருவி விளக்கமும்: செயற்கை நுண்ணறிவு முகவர்நிரல்களுக்கான குறிப்புகளை மதிப்பிடல்

மென்பொருட் கருவிகளின் விளக்கக்குறிப்பை இதுகாறும் மனிதரே படித்துவந்தனர். ஐயம் தோன்றியபோது இயக்கிப் பார்த்தனர், அறிந்தோரைக் கேட்டனர். குறிப்பின் குறையைப் படிப்போரின் பட்டறிவு நிரப்பிற்று. இன்று, ஒரு பணியை ஏற்று அதற்கான கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் முகவர்நிரல் அக்குறிப்பைப் படிக்கிறது. கருவியைப் பற்றி அது அறிவது பெரும்பாலும் அச்சில வரிகளே. ஆகவே குறிப்பின் தரத்தை அளக்கும் கோலும் மாற வேண்டியுள்ளது. அக்கோலை நன்னூற் பாயிரத்திலிருந்து பெறலாம் என்பதும், அதில் ‘எல்லை’ என்னும் கூறே இன்று மிகுதியும் விடுபடுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பவணந்தியார் சிறப்புப் பாயிரத்திற்குரியனவாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறுவார். காலம், களம், காரணம் என்னும் மூன்றனைச் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறையை இதனோடு ஒப்பிடலாம். அதில் கருவியின் பெயரும் உள்ளீட்டு வடிவமும் கட்டாயம், விளக்கம் விருப்பத்திற்குரியது. நூற்பெயரும் யாப்பும் இருந்தால் போதும், நுதலிய பொருளைச் சொல்லாமலும் விடலாம் என்பதற்கு இது நிகர். எல்லைக்கும் கேட்போர்க்கும் தனி இடமே இல்லை.

எல்லை என்பதற்கு உரையாசிரியர்கள் நூல் வழங்கும் நிலம் என்றே பொருள் கொண்டனர். அப்பொருள் நேராகவே பொருந்தும் சான்று சுவிட்சர்லாந்தில் உள்ளது. அந்நாட்டு நில அளவை பெர்ன் நகரப் பழைய வானாய்வகத்தை அடிப்படைப் புள்ளியாகக் கொண்டது. அப்புள்ளிக்குச் சுழியத்தைத் தராமல், பழைய முறையில் கிழக்குத் தொலைவாக 6,00,000 மீட்டரும் வடக்குத் தொலைவாக 2,00,000 மீட்டரும் வழங்கினர். பின்வந்த ‘எல்வி95’ முறையில் இவை 26,00,000 எனவும் 12,00,000 எனவும் ஆயின. இதனால் நாட்டின் எப்புள்ளியிலும் கிழக்கெண் 2 எனவும் வடக்கெண் 1 எனவும் தொடங்கும்; இரண்டும் ஒன்றோடொன்று மயங்கா.

பழைய முறையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே கிழக்குத் தொலைவின் குறியீடு ‘ஒய்’. வடக்கின் குறியீடு ‘எக்ஸ்’. பள்ளிக் கணிதத்திற்கு இது தலைகீழ். ‘எக்ஸ், ஒய் தருக’ என்று மட்டும் ஒரு கருவியின் குறிப்பு கூறுமாயின், உலகப் பொதுவழக்கில் பயின்ற முகவர்நிரல் இரண்டையும் மாற்றித் தரும். எனினும் எண்ணே அப்பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘முதலெண் எப்போதும் பெரியது; சுவிட்சர்லாந்துக்கும் லிக்டன்ஸ்டைனுக்கும் மட்டுமே செல்லும்’ என ஒரு வரி சேர்த்தால் பிழையே நேராது. அவ்வொரு வரியே எல்லை கூறல்.

தமிழுக்கான கருவிகளில் இக்காப்பு இல்லை. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் என்ன? யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் 15 பைட்டுகள். யுனிகோடு குறியெண்களாக எண்ணினால் 5. பைத்தான் மொழியின் நீளம் காணும் கட்டளை தரும் விடை இதுவே. இலக்கண எழுத்துகள் 3. ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகம் தனியே வைத்துள்ள எழுத்துப் பிரிப்புச் செயற்கூறு இவ்வழியது. ஒற்று நீக்கி எண்ணும் செய்யுள் வழக்கில் 2. நான்கும் சரியான விடைகள். எதனிடத்தும் ‘நான் இன்ன எண்’ என்று உணர்த்தும் அடையாளம் இல்லை. ‘கொடுக்கப்பட்ட சொல்லின் நீளத்தைத் தரும்’ என்னும் குறிப்பு, நன்னூல் எண்ணும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மயங்க வைத்தல் என்னும் இரண்டிற்கும் ஒருசேர இலக்காகிறது.

இது நுண்ணிய இலக்கணப் பூசல் அன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசை முதலாகிய அடிக்கு ஒற்று நீங்க 16 எழுத்து. நிரையசை முதலாயின் 17. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சரிபார்க்கும் பணியை முகவர்நிரலிடம் ஒப்படைத்தால், குறியெண்களை எண்ணும் கருவியை நம்பி அது நல்ல பாடங்களையெல்லாம் ‘சிதைந்தவை’ எனக் குறித்துவிடக்கூடும். திருத்தும் உரிமையும் அதற்கு இருக்குமாயின் கேடு பதிப்புக்குள்ளேயே புகும். மாதிரி தானே எண்ணிக்கொள்ளட்டும் என்பதும் தீர்வாகாது. 2025 செப்டம்பர் 2 அன்று லோசான் இபிஎஃப்எல், இடிஎச் சூரிச், சுவிஸ் தேசிய மீக்கணினி மையம் ஆகியவை வெளியிட்ட ‘அபெர்டஸ்’ 1,000க்கு மேற்பட்ட மொழிகளில் 15 டிரில்லியன் டோக்கன்களைக் கொண்டு பயின்றது. இத்தகைய மாதிரிகள் காண்பது டோக்கன்களையே. எழுத்தெண்ணிக்கைக்குக் கருவியின் துணை தேவைப்படுகிறது. அபெர்டஸின் பயிற்சித் தரவும் முறையும் வெளிப்படையாக ஆவணப்படுத்தப்பட்டது பாராட்டுக்குரியது. வழி, களம், காலம் மூன்றையும் அது மறைக்கவில்லை. ஆனால் மாதிரியின் பாயிரம் செம்மையாக இருப்பதால் அது இயக்கும் கருவியின் பாயிரம் செம்மையாகிவிடாது.

குறிப்பை நீட்டுவதும் தீர்வன்று. நூறு கருவிகளின் விளக்கங்களை ஒருங்கே படிக்க வேண்டிய முகவர்நிரலுக்கு மிகைபடக் கூறலும் சுமையே. உள்ளீடுகள் விளக்கப்பட்டனவா, எடுத்துக்காட்டு உண்டா என்று எண்ணி மதிப்பெண் இடும் பட்டியல்களும் போதா. மேற்காட்டிய ‘நீளத்தைத் தரும்’ என்னும் வரிக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லைச் சேர்த்துவிட்டால் அத்தகைய பட்டியலில் அது எளிதில் தேறிவிடும். அவ்வெடுத்துக்காட்டு ஆங்கிலச் சொல்லாயின் தேர்ந்தும் பயனில்லை. நான் பரிந்துரைக்கும் சோதனை வேறு: குறிப்பை மட்டும் படித்தவரிடம் ‘இக்கருவியை எப்போது பயன்படுத்தக் கூடாது?’ என்று கேட்க வேண்டும். விடை கூற இயலாதெனின் குறிப்பு தேறவில்லை.

அவ்வகையில் எழுத்தெண்ணும் கருவியின் குறிப்பைப் பின்வருமாறு திருத்தலாம்: ‘தமிழ்ச் சொல்லின் யுனிகோடு குறியெண்களை எண்ணும், “தமிழ்” என்பதற்கு 5 தரும். இலக்கண எழுத்துகளை எண்ணவோ யாப்பைச் சரிபார்க்கவோ பயன்படுத்தக் கூடாது.’