பாழ்பட்ட பட்டினங்களும் நம் பயணக் கட்டுரைகளும்

மண்ணூர்பேட்டையில் என்னிடம் அறபும் தமிழும் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற விடுமுறையில் பழையகாயலுக்குச் சென்று வந்து, தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதிக் கொணர்ந்தார். ‘கடல் கொண்ட காயல்’ என்பது தலைப்பு. நடை நன்று, ஒற்றுப் பிழைகூட இல்லை. ஆயினும் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட என்னால் இயலவில்லை. செல்வச் செருக்கால் இறைவனை மறந்த வணிகர் கூட்டத்தை ஓரிரவில் ஆழி விழுங்கிற்று என்று அதில் எழுதியிருந்தார். அவரைக் குறை கூறி என்ன பயன்? பாழூர்களைக் காணச் சென்று வருவோர் நம் ஏடுகளில் எழுதும் கட்டுரைகள் பலவும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதாம். முதலில் ஒரு பெருமூச்சு, பின்னர் ஒரு பழம்பெருமை, முடிவில் நிலையாமை. ஊரின் பெயரை மாற்றிவிட்டால் கட்டுரை எந்த ஊருக்கும் பொருந்தும்.

பழையகாயலைக் கடல் கொள்ளவில்லை. அதை விட்டு விலகிச் சென்றது. தாமிரபரணி கொணர்ந்த மண் கழிமுகத்தைத் தூர்க்கத் தூர்க்கக் கரை கிழக்கே நகர்ந்தது. கிறித்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் முத்துக்குளிக்கும் துறையாகக் குறித்த கொற்கை, இன்று கடலோசை கேளாத தொலைவில் வயலும் வாழையும் சூழ நிற்கிறது. யான் அங்குச் சென்றிருந்தபோது, ஈராயிரம் ஆண்டு பழையது என்று ஊரார் போற்றும் வன்னி மரத்தின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. கொற்கை தூர்ந்தபின் துறை காயலுக்குப் பெயர்ந்தது. காயலும் தூர்ந்தபின் ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல் எழுந்தது. மூன்று ஊர்களையும் மேற்கிலிருந்து கிழக்காக நடந்து பார்ப்பவர்க்கு, கடலைத் துரத்திச் சென்ற ஒரே துறைமுகத்தின் மூன்று அடிச்சுவடுகள் அவை என்பது விளங்கும். அந்நடை ஒரு பகற்பொழுதில் முடியும். நம் கட்டுரையாளரோ பேருந்து நிற்குமிடத்திலேயே அழுது முடித்துத் திரும்பிவிடுகிறார்.

அழுகை அறபிலக்கியம் தந்த வழக்கன்றோ என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. காதலி வாழ்ந்து பெயர்ந்த பாசறையின் சுவடுகளைக் கண்டு கலங்குவது, ‘அத்லால்’ என்ற பெயரில் கஸீதாவின் வாயிலாகவே அமைந்த மரபு. இம்றுல் கைஸின் முஅல்லகா தோழர் இருவரை நிறுத்தி அழச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் அக்கவிஞர் கண்ணீரோடு முடித்தாரில்லை. மணல் மூடாத தடங்கள் எவை, காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, மான்களின் எச்சம் எங்கே கிடந்தது என்பதெல்லாம் அவ்வழுகைக்குள்ளேயே உள்ளன. அதன்பின் நினைவும் பயணமும் குதிரையும் மழையும் தொடர்கின்றன. வெறும் சடங்காகிப் போன பிற்காலத்துப் பாழிட அழுகையை அபூ நுவாஸ் எள்ளி நகையாடியதும் நாம் அறிந்ததே.

இவ்வகையில் என் உள்ளம் கவர்ந்தவர், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டினரான அல் புஹ்துரீ. மதாயினில் இடிந்து நின்ற கிஸ்றாவின் ஈவானைக் காணச் சென்ற அவர், சுவரில் தீட்டப்பட்டிருந்த அந்தாக்கியாப் போரைக் கண்டார். பாரசீகரும் உரோமரும் பொருதும் அவ்வோவியத்தில் உடைகளின் நிறத்தையும் வேல் நீட்டும் வீரனையும் கேடயத்தால் ஒதுங்குவோனையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். உயிருள்ளவர்களோ என ஐயுற்றுக் கையால் தொட்டும் பார்க்கிறார். அவ்வூர் தம் ஊரன்று, அவ்வினம் தம் இனமன்று என்பதையும் மறையாமல் சொல்லிவிட்டே கண்ணீர் வடிக்கிறார். தொட்டுப் பார்த்தபின் வந்த கண்ணீர் அது.

தமிழிலும் இவ்விரு போக்குகள் உண்டு. அவற்றைப் பூம்புகாரில் காணலாம். பட்டினப்பாலையின் உருத்திரங்கண்ணனார், நீரில் வந்த குதிரைகளையும் வண்டியில் வந்த மிளகுப் பொதிகளையும் மலையினின்று வந்த பொன்னையும் தென்கடல் முத்தையும் ஈழத்து உணவையும் சுங்கக் கணக்கர் போல நிரல்பட வைக்கிறார். மணிமேகலையின் சாத்தனாரோ, மகனை இழந்த துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தமையால் தெய்வத்தின் சினத்துக்கு ஆளாகிப் புகார் கடல்வாய்ப்பட்டது என்கிறார். காப்பியத்துக்கு அக்காரணம் வேண்டியிருந்தது. மண்ணைத் தோண்டியவர்களுக்கு வேறு கிடைத்தது. 1960களில் நடுவணரசின் தொல்லியல் துறையினர் கீழையூரில் அகழ்ந்தபோது, படகு கட்டுவதற்கான மரத்தூண்களோடு செங்கல் மேடையொன்று வெளிப்பட்டது. இன்று பூம்புகார் செல்வோர் 1973இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையே பழம்புகார் என்று எண்ணி நிழற்படம் எடுத்துத் திரும்புகின்றனர். அந்தச் செங்கல் மேடையைத் தேடிச் செல்வோர் சிலரே.

என் மாணவர் உருத்திரங்கண்ணனாரை விட்டுச் சாத்தனார் பக்கம் சாய்ந்தார். அதனினும் பெரிய பிழை ஒன்றும் அவர் கட்டுரையில் இருந்தது. ஆது, ஸமூது கூட்டத்தாருக்கு நேர்ந்த முடிவையும், அதற்கான காரணத்தையும் வஹீ நமக்கு அறிவித்தது. காயல் வணிகர் இறைவனை மறந்தனர் என்று இவருக்கு அறிவித்தவர் யார்? மண்ணுக்குள் கிடக்கும் முஸ்லிம்கள்மீது, ஓர் ஆற்றின் வண்டலைச் சான்றாக வைத்துப் பாவப் பட்டியல் எழுதலாமா? மையித்தைப் பற்றிப் பேசுவதில் வாழ்வோரைப் பற்றிப் பேசுவதினும் கூடுதல் பேணுதல் வேண்டாவா? இதைக் கேட்டதும் அவர் முகம் வாடிற்று. கேட்ட எனக்கும் சற்றே வருத்தந்தான்.

அவ்வணிகரைப் பற்றித் தெரிந்தவை குறைவல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகியவற்றினின்று குதிரையேற்றி வரும் கப்பல்கள் காயலில் தங்கியதைக் குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கணக்கையே தருகிறார். மஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டனவாம். பாண்டியனுடன் செய்த உடன்படிக்கையில் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் குதிரை இறந்துபோனாலும் அவ்விலையை அரசுக் கருவூலம் தர வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. கீஷ் தீவின் ஜமாலுத்தீனுக்குத் தம்பியான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், காயல் உள்ளிட்ட மூன்று துறைகளைப் பாண்டியனுக்காக நிருவகித்தார். பிஷப் கால்டுவெல் பழையகாயல் மண்ணில் இரண்டு மூன்று மைல் வரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் சிதறிக் கிடக்கக் கண்டார். (மார்க்கோ போலோ கண்ட காயல் தம் ஊரே என்று காயல்பட்டினத்து நண்பர்கள் என்னுடன் வழக்காடுவதுண்டு. அவ்வழக்கை இங்கே தீர்க்கப் புகவில்லை.) கடலில் மாண்ட குதிரைக்கும் விலை கேட்டு வாங்கிய ஒரு வணிகரை எண்ணிப் பாருங்கள். செருக்குற்றுக் கெட்டவர் என்னும் ஒற்றை வரியில் அவர் அடங்குவாரா?

அறபிகள் நம் கரைக்கு இட்ட பெயர் மஅபர்; கடக்குமிடம் என்பது பொருள். அய்ன், பா, றா என்னும் அம்மூன்றெழுத்து வேரிலிருந்துதான் படிப்பினையைக் குறிக்கும் ‘இப்றத்’தும், கண்ணீரைக் குறிக்கும் ‘அப்றத்’தும் பிறந்தன. எழுத்தில் இரண்டும் ஒன்றே. உயிர்க்குறி மட்டும் மாறும். உயிர்க்குறியிடாத ஏட்டில் அச்சொல்லைக் காணும் மாணவன் முன்பின் வாசகத்தைப் படித்த பிறகே எது கண்ணீர், எது படிப்பினை என்று சொல்ல முடியும். பூமியில் சுற்றி வந்து பாருங்கள் என்று திருமறை பலவிடத்தும் ஏவுவதும் பார்வையைத்தான்.

கட்டுரையை மாணவரிடம் திருப்பித் தந்தேன். தலைப்பையும் இரண்டாம் பக்கத்தையும் அவரே அடித்துவிட்டார். மறுவாரம் வந்து, வழியில் இறந்த குதிரைக்குச் சாட்சி யார், மாலுமியா வணிகரா, இறந்ததைக் கருவூலத்தார் எவ்வாறு உறுதி செய்தனர் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிக்ஹு நூல்களில் விற்பனைப் பொருளின் பொறுப்பு எப்போது வாங்குவோரிடம் மாறுகிறது என்னும் பகுதியை எடுத்து இருவரும் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த விடுமுறையில் கொற்கையிலிருந்து புன்னைக்காயல் வரை நடப்பதாகவும் பேசியிருக்கிறோம். உப்பளங்களின் வரப்பில் வெயில் ஏறுவதற்குள் புறப்பட வேண்டும்.