காமன் கூத்தில் இரதியும் மதனும்

மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தில் மதனும் இரதியுமே தலைமை மாந்தர். மரபில் இரு வேடங்களையும் ஆடவரே தாங்குவர். இவர்தம் திறனை ஒரே கோலால் அளத்தல் பொருந்துமா?

சிவனது தவத்தைக் குலைக்கப் புறப்படும் மதனுக்குரிய மெய்ப்பாடு பெருமிதம். தொல்காப்பியர் அதன் நிலைக்களன்களுள் தறுகண்மையையும் ஒன்றாக வைத்தார். தப்பின் விரைவுக்கு ஈடுகொடுக்கும் அடியும், வில்லேந்திய நிலையும் அதனைக் காட்டிவிடும். குரல் சிறிது தளரினும் குறை தோன்றாது. இரதியின் நிலை வேறு. செல்லற்க எனத் தடுப்பதும், எரிந்த கணவனுக்காகப் புலம்புவதும் பாட்டாலேயே நிகழ்கின்றன. இழவினாற் பிறக்கும் அழுகைக்கு ஆட்டம் துணையேயன்றி முதலன்று.

இனிய குரலே இரதிக்குப் போதும் என்பாரும் உளர். அஃது ஒவ்வாது. இனிமைக்காகச் சொல்லை நீட்டிச் சிதைப்பவர் கேட்போரை மகிழ்விப்பர், அழச்செய்யார். சொல் தெளிவுறப் பாடி, உரிய இடத்தில் குரல் உடையவிடுபவரே லயத்து மக்களின் கண்களை நனைப்பர். அம்மக்கள் அழுவது இரதிக்காக மட்டுமன்று; தத்தம் இழவுகளுக்காகவுமாம். ஆதலின் மதனை அடியாலும் இரதியைச் சொல்லாலும் மதிப்பிடுவதே முறையாகும்.