ஆறு மடங்கா, நான்கு மடங்கா?

அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்த நோவா லேசர் 1990களின் பிற்பகுதியில் ஒரு முடிவைத் தந்தது. சுமார் 10 லட்சம் வளிமண்டல அழுத்தமுள்ள அதிர்ச்சி அலையைத் திரவ டியூட்டிரியத்தில் செலுத்தினால், அதன் அடர்த்தி ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. அன்று வழக்கிலிருந்த கணக்கு நான்கு மடங்கைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். டியூட்டிரியம் ஹைட்ரஜனின் ஐசோடோப்பு. ஆகவே வியாழனின் உட்புறம் பற்றிய கணிப்புகளும் அணுக்கருப் பிணைவு எரிபொருள் பற்றிய கணிப்புகளும் ஒருசேர ஆட்டம் கண்டன.

பிறகு சாண்டியா ஆய்வகத்தின் இசட் இயந்திரம் காந்த விசையால் உலோகத் தகட்டை எறிந்து அதே அளவீட்டைச் செய்தது. விடை நான்கு மடங்கை ஒட்டியே வந்தது. ரஷ்யர்கள் வெடிமருந்தால் செய்த சோதனையும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

லேசர் முறையின் கவர்ச்சி அது எட்டும் அழுத்தத்தில் இருக்கிறது. லேசர் துடிப்பு பட்ட மேற்பரப்பு பிளாஸ்மாவாகிப் பீறிடும். வாணம் கிளம்புவதுபோல அதன் எதிர்விசை அலையாக உள்ளே பாயும். 192 லேசர் கற்றைகள் கொண்ட நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில், ஒரே அடியாக அடிக்காமல் அழுத்தத்தைச் சீராக ஏற்றி, வைரத்தை 5 கோடி வளிமண்டலம் வரை நெருக்கியிருக்கிறார்கள். வெடிமருந்தை வைத்துக்கொண்டு இந்த எல்லையைத் தொடுவது மிகக் கடினம்.

ஆனால் அந்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். மாதிரி மில்லிமீட்டர் அளவுக்குள் அடங்கும். கதை சில நானோநொடிகளில் முடிந்துவிடும். அலை வந்து சேருமுன்பே பிளாஸ்மாவின் எக்ஸ் கதிர்கள் மாதிரியைச் சூடாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. இவற்றைவிட மோசமானது கணக்கில் ஒளிந்திருக்கிறது. அடர்த்தியைப் பெரும்பாலும் நேராக அளப்பதில்லை. அலையின் வேகத்தையும் அதன் பின்னால் பொருள் நகரும் வேகத்தையும் அளந்து கணக்கிடுகிறார்கள். நான்கு மடங்கு அடர்த்தியில், பொருளின் வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் அடர்த்தியில் 3 சதவீதம் பிசகும். ஆறு மடங்கில் அது 5 சதவீதமாகும். விடை வியப்பூட்ட வியப்பூட்ட, அதன்மேல் வைக்கும் நம்பிக்கை குறைய வேண்டும்!

பின்னாளில் ராச்செஸ்டரின் ஒமேகா லேசர் குவார்ட்ஸை ஒப்பீட்டுப் பொருளாக வைத்து டியூட்டிரியத்தை அளந்தது. அந்தக் குவார்ட்ஸின் அளவுகளையே 2009-இல் இசட் இயந்திரம் திருத்தியது. திருத்தத்துக்குப் பின் ஒமேகாவின் எண்களும் இசட் சொன்னதை நெருங்கின. லேசர்க்காரர்களின் அளவுகோலைப் போட்டி இயந்திரம் செப்பனிட வேண்டியிருந்தது என்பதை அவர்களின் ஆதரவாளர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

என் பார்வையில், லேசர் அலையின் உண்மையான வெற்றி அடர்த்தி அளப்பதில் இல்லை. அலை கடக்கும் அந்தக் கணத்திலேயே எக்ஸ் கதிர் பாய்ச்சி அணுக்களின் அடுக்கைப் படம்பிடிப்பதில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் படிகமாக நிற்க, ஹைட்ரஜன் அயனிகள் திரவம்போல ஓடும் சூப்பர் அயனிப் பனியை 2019-இல் ஒமேகா அப்படித்தான் காட்டியது. ஆறா நான்கா என்ற சச்சரவுக்கு அங்கே இடமில்லை.

அதிலும் காலம் குறுக்கே நிற்கிறது. 1 கோடி வளிமண்டலத்துக்கு மேல் வைரம் வேறு படிகமாக மாறும் என்பது கோட்பாட்டின் கணிப்பு. 2021-இல் வெளிவந்த சோதனையில் வைரம் 2 கோடியிலும் வைரமாகவே இருந்தது. கோட்பாடு தவறா, அல்லது அணுக்கள் இடம் மாறிக்கொள்ள நானோநொடிகள் போதவில்லையா? இரண்டாவதுதான் காரணமென்றால், கார்பன் மிகுந்த ஒரு கோளின் ஆழத்தில் யுகக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும் வைரத்துக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.